போஸ்ட் அனுப்பினால் கெட் ஆகிப் போகிறது: ரெக்வெஸ்ட்ஸில் ரீடைரக்டை எப்படிக் கையாள்வது?

#1 — செம்பருத்தி

வணக்கம். பைதானில் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வைத்து ஒரு ஏபிஐக்கு ஜேசான் போஸ்ட் செய்கிறோம். கொடுத்திருக்கும் முகவரி எச்டிடிபி. சர்வர் 301 (நிரந்தர ரீடைரக்ட், அதாவது 'வேறு முகவரிக்குப் போ') கொடுத்து எச்டிடிபிஎஸ் பக்கம் தள்ளுகிறது. கடைசியில் கைக்கு வருவது 405 ('இந்த மெத்தடுக்கு இங்கே அனுமதி இல்லை'). சர்வர் லாகில் முதல் வரி போஸ்ட், அடுத்த வரி கெட், பாடி காலி. ரெஸ்பான்ஸின் ஹிஸ்டரியில் அந்த ஒரு 301 மட்டும்தான் இருக்கிறது.

இது லைப்ரரியின் பிழையா? இன்னொரு கேள்வியும் உண்டு. இதே கிளையன்டை வைத்துத்தான் வாடிக்கையாளர்கள் பதிவு செய்யும் வெப்ஹூக் முகவரிகளுக்கும் (நிகழ்வு நடந்ததும் நாங்கள் தகவல் போஸ்ட் செய்யும் இடங்கள்) அனுப்பப் போகிறோம். ரீடைரக்டைப் பின்தொடர விடலாமா, அடியோடு அணைத்துவிட வேண்டுமா?

#2 — கம்பிவழி

பிழை இல்லைங்க. வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது.

1996இல் வந்த ஆர்எஃப்சி (இணைய விதிமுறை ஆவணம்) 1945லேயே, 301 வந்ததும் சில கிளையன்ட்கள் போஸ்ட்டைத் தவறாக கெட் ஆக்கிவிடுகின்றன என்று குறிப்பு இருக்கிறது. உலாவிகள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. தளங்களும் அந்த நடத்தையை நம்பியே எழுதப்பட்டன. அதனால் விதியைத்தான் வளைக்க வேண்டியதாயிற்று. 'கெட் ஆக மாறித்தான் போக வேண்டும்' என்பதற்கு 303 வந்தது. 'மெத்தடை மாற்றவே கூடாது' என்பதற்கு 1999இன் ஆர்எஃப்சி 2616இல் 307 வந்தது. 301க்கு அப்படி ஒரு கண்டிப்பான ஜோடி இல்லாமல் இருந்து, 2014இல் 308 சோதனை நிலையில் வந்து, 2015இன் ஆர்எஃப்சி 7538இல் நிலைபெற்றது. இப்போது நடப்பில் இருக்கும் ஆர்எஃப்சி 9110 (2022), 301க்கும் 302க்கும் 'வரலாற்றுக் காரணங்களால் கிளையன்ட் போஸ்ட்டை கெட் ஆக்கலாம்' என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

ரெக்வெஸ்ட்ஸ் செய்வது இதுதான்:

- 303, 302: ஹெட் தவிர எந்த மெத்தடாக இருந்தாலும் கெட் ஆகும். புட், டெலீட் கூடத் தப்பாது.
- 301: போஸ்ட் மட்டும் கெட் ஆகும். டெலீட் டெலீட்டாகவே போகும்.
- 307, 308: மெத்தடும் பாடியும் அப்படியே.

கோ மொழியின் நெட்/எச்டிடிபி வேறு மாதிரி. அங்கே 301, 302, 303 மூன்றுக்கும் ஒரே விதி: கெட், ஹெட் தவிர மற்றதெல்லாம் கெட். ஆக, 301க்கு ஒரு டெலீட் அனுப்பினால் பைதானில் டெலீட்டாகப் போகும், கோவில் கெட்டாகப் போகும். ஒரே சர்வருக்கு இரண்டு மொழியில் கிளையன்ட் எழுதுபவர்கள் இங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

உங்களுக்கான தீர்வு: கான்ஃபிக்கில் முகவரியை நேரடியாக எச்டிடிபிஎஸ் என்று எழுதுங்கள். 405 போகவேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 301 வருவதற்கு முன்பே உங்கள் முதல் போஸ்ட், அதிலுள்ள டோக்கன் உட்பட, மறையாக்கம் இல்லாமல் கம்பியில் போய்விட்டது. அதற்குப் பிறகு வரும் ரீடைரக்ட் அதைக் காப்பாற்றாது. அந்த டோக்கனை இன்றே மாற்றிவிடுங்கள்.

#3 — பொதிகை_நெட்

சர்வர் உங்கள் கையில் இருந்தால் 301ஐ 308 ஆக்கலாம். எஞ்சின்எக்ஸில் ரிட்டர்ன் வரியில் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் 1.13.0க்கு முந்தைய பதிப்பு 308ஐ ரீடைரக்டாக எடுத்துக்கொள்ளாது, லொகேஷன் ஹெடரும் போகாது. முதலில் பதிப்பைப் பாருங்கள்.

இதே 405க்கு இன்னொரு ஊற்று முகவரிக் கடைசியில் விடுபடும் சாய்கோடு. ஜாங்கோ சாய்கோட்டைச் சேர்க்க 301 கொடுக்கும். டீபக் நிலையில் மட்டும், போஸ்ட்டில் தரவு தொலையும் என்று பிழை எழுப்பி எச்சரிக்கும். ஃபிளாஸ்க் 308 கொடுக்கும், ஃபாஸ்ட்ஏபிஐ 307 கொடுக்கும். பின்னால் இருக்கும் ஃபிரேம்வொர்க்கை மாற்றிய அன்று கிளையன்ட் உடைந்தால் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

#4 — மின்மினி

கர்ல் கட்டளையில் சோதித்துப் பார்ப்பவர்கள் கவனிக்க. மெத்தடை எக்ஸ் ஆப்ஷனில் போஸ்ட் என்று கட்டாயப்படுத்திவிட்டு, பின்தொடரும் எல் ஆப்ஷனையும் சேர்த்தால், 303 வந்தாலும் போஸ்ட்டாகவே போகும். 'கர்லில் வேலை செய்கிறது, பைதானில் இல்லை' என்று வரும் புகார்களில் பல இதனால்தான். டி ஆப்ஷனில் தரவைக் கொடுத்தாலே மெத்தட் போஸ்ட் ஆகிவிடும்; எக்ஸ் தேவையில்லை. 8.16.0 முதல் ஃபாலோ என்றே ஒரு தனி ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டால், எக்ஸ் கொடுத்திருந்தாலும், வந்த எண் சொல்கிறபடி மெத்தடை மாற்றும்.

லிப்கர்லில் எழுதுபவர்களுக்கு போஸ்ட்ரீடைர் என்ற ஆப்ஷன் உண்டு. 301க்கு 1, 302க்கு 2, 303க்கு 4. மூன்றிலும் போஸ்ட்டாகவே இருக்க வேண்டும் என்றால் 7.

#5 — செம்பருத்தி

நன்றி. முகவரியை மாற்றியாயிற்று, டோக்கனும் புதிது. சர்வர் தரப்பில் 308க்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம். 308 வந்துவிட்டால் பாடி தானாகவே மறுபடி போய்விடும்தானே? சில இடங்களில் பெரிய சிஎஸ்வியை ஜெனரேட்டர் வழியாக ஸ்ட்ரீம் செய்கிறோம்.

#6 — கம்பிவழி

அந்த ஜெனரேட்டர் இடத்தில் ஜாக்கிரதை. ஜேசான், பைட்ஸ் என்றால் நினைவகத்தில் இருக்கிறது, எத்தனை முறையும் அனுப்பலாம். ஃபைல் என்றால் ரெக்வெஸ்ட்ஸ் தொடக்கத்திலேயே டெல் கூப்பிட்டு இடத்தைக் குறித்துக்கொண்டு, 307 அல்லது 308 வந்ததும் சீக் செய்து அங்கே திரும்பும். திரும்ப முடியாவிட்டால் அன்ரீவைண்டபிள்பாடிஎரர் எழும்.

ஜெனரேட்டருக்கு டெல் என்ற மெத்தடே கிடையாது. அதனால் 'திரும்ப வேண்டிய பாடி' என்ற கணக்கிலேயே அது வராது. பிழையும் எழாது. ஏற்கெனவே தீர்ந்துபோன ஜெனரேட்டரையே லைப்ரரி இரண்டாவது முறை சுற்றும். புதிய முகவரிக்குப் பூஜ்ய நீளப் பாடி போய்ச் சேரும். அந்த சர்வர் காலி கோப்பை ஏற்று 200 சொல்லிவிட்டால் உங்கள் பக்கம் எல்லாம் பச்சையாகத் தெரியும், தரவு மட்டும் இருக்காது. 405ஐவிட இது மோசம்.

கோ மொழியில் இந்த இடம் நேர்மையாக இருக்கிறது. பைட்ஸ் பஃபர், பைட்ஸ் ரீடர், ஸ்ட்ரிங்ஸ் ரீடர் மூன்றுக்கும் நியூரெக்வெஸ்ட் தானாகவே கெட்பாடி ஃபங்ஷனை வைத்துவிடும். மற்ற ரீடர்களுக்கு, ஃபைல் உட்பட, நாம்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் 307ஐப் பின்தொடராமல் அந்த ரெஸ்பான்ஸையே கையில் கொடுத்துவிடும். லிப்கர்லில் சீக் ஃபங்ஷன் கொடுக்காமல் ரீட் ஃபங்ஷன் மட்டும் கொடுத்தால் பிழை எண் 65 வரும்.

ஜெனரேட்டர் வேண்டும் என்றால் அந்தக் கோரிக்கைக்கு மட்டும் அலவ்_ரீடைரக்ட்ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள். 307 வந்தால் புதிய ஜெனரேட்டர் ஒன்றை உண்டாக்கி, நீங்களே லொகேஷனுக்கு அனுப்புங்கள். கோப்பு பெரியதென்றால் எக்ஸ்பெக்ட் ஹெடரில் 100-கன்டின்யூ கொடுப்பது இன்னும் நல்லது. பாடியை அனுப்பும் முன்பே சர்வர் 307 சொல்லிவிடும். அமேசான் எஸ்3, வேறு ரீஜனுக்குத் திருப்பிவிடும் நேரங்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறது. ரெக்வெஸ்ட்ஸுக்கு அந்த 100க்காகக் காத்திருக்கத் தெரியாது. இதற்கு லிப்கர்ல் பக்கம் போக வேண்டும்.

#7 — தாழ்ப்பாள்

இதுவரை மெத்தடும் பாடியும் பேசியாயிற்று. எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஹெடர்கள். ரீடைரக்ட் என்பது பழைய கோரிக்கையின் தொடர்ச்சி இல்லை. வேறு ஒருவர் எழுதிக்கொடுத்த முகவரிக்கு நீங்கள் அனுப்பும் புத்தம்புது கோரிக்கை. கையில் எந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

ரெக்வெஸ்ட்ஸ் ஆத்தரைசேஷன் ஹெடரை எப்போது கழற்றுகிறது? ஹோஸ்ட் பெயர் மாறினால் கழற்றும். போர்ட்டோ ஸ்கீமோ மாறினாலும் கழற்றும். ஒரே விதிவிலக்கு: அதே ஹோஸ்டில் 80லிருந்து 443க்கு, எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஏறினால் விட்டுவைக்கும். 2.19.1 வரை ஹோஸ்டை மட்டும்தான் பார்த்தார்கள். எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்கு இறங்கினாலும் டோக்கன் கூடவே போனது. அது சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பதிவு எண்) 2018-18074, 2.20.0இல் சரியானது. கர்லிலும் அதே ஆண்டு, நாமே எழுதிச் சேர்த்த ஆத்தரைசேஷன் ஹெடர் அடுத்த ஹோஸ்டுக்குப் போவது சிவிஇ-2018-1000007 ஆகப் பதிவாகி 7.58.0இல் அடைக்கப்பட்டது. நன்றாகத் தேய்ந்து பழகிய இரண்டு லைப்ரரிகளிலும் ஓட்டை இருந்தது இதே இடத்தில்தான்.

இப்போது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம். கழற்றப்படுவது ஆத்தரைசேஷன் மட்டுமே. எக்ஸ்-ஏபிஐ-கீ மாதிரி சொந்தப் பெயரில் சாவி வைத்திருந்தால் அது சாவி என்று லைப்ரரிக்குத் தெரியாது. எந்த ஹோஸ்டுக்குத் திருப்பினாலும் கூடவே போகும். இதற்கு செஷன் கிளாஸை நீட்டி, ரீபில்ட்_ஆத் மெத்தடை மேலெழுதுங்கள்:

1. முதலில் மூல கிளாஸின் ரீபில்ட்_ஆத்தைக் கூப்பிடுங்கள்.
2. பிறகு ஷுட்_ஸ்ட்ரிப்_ஆத்துக்கு இரண்டு முகவரி கொடுங்கள்: ரெஸ்பான்ஸ்.ரெக்வெஸ்ட்டின் முகவரி, புதிதாகத் தயாரான கோரிக்கையின் முகவரி.
3. ட்ரூ என்று வந்தால் புதிய கோரிக்கையின் ஹெடர்களிலிருந்து உங்கள் சாவிகளை பாப் செய்யுங்கள்.

ஐந்தாறு வரிதான். ரகசியம் தாங்கும் ஹெடர் பெயர்களை ஒரே பட்டியலில் வைத்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

பைதானின் உள்ளமைந்த யுஆர்எல்லிப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை. ஆட்_ஹெடர் மூலம் சேர்த்த ஆத்தரைசேஷன், ஹோஸ்ட் மாறினாலும் போகும். ஆட்_அன்ரீடைரக்டட்_ஹெடர் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான்.

கோ மொழியில் துணை டொமைனுக்குப் போனால் ஆத்தரைசேஷனும் குக்கியும் கழற்றப்படாது. துணை டொமைன்களை வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சேவையோடு பேசுகிறீர்கள் என்றால் செக்ரீடைரக்ட் ஃபங்ஷனில் நீங்களே கழற்றுங்கள்.

#8 — பொதிகை_நெட்

> கையில் எந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறோம்

கழற்றாமல் போனால் பாதுகாப்பு மட்டும் கெடுவதில்லை, வேலையும் கெடும். கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரியிலிருந்து ஒரு பிளாப் கேட்டால் 307 கொடுத்து, கையொப்பமிட்ட எஸ்3 முகவரிக்குத் திருப்பும். அந்த முகவரியின் குவெரியிலேயே கையொப்பம் இருக்கிறது. அதோடு பேரர் டோக்கனும் சேர்ந்து போனால், ஒரே கோரிக்கையில் இரண்டு அடையாள முறை கூடாது என்று எஸ்3 400 சொல்லிவிடும். 'கழற்றாதே' என்று லைப்ரரியைக் கட்டாயப்படுத்தியவர்கள் இந்த 400இல் போய் நிற்பார்கள்.

எதிர்த்திசையில், ரீடைரக்டுக்குப் பிறகு 401 வருகிறது என்றால் டோக்கன் கழன்றுவிட்டது என்று பொருள். அதற்காக, எந்த ஹோஸ்டுக்கும் டோக்கனைக் கொண்டுபோக விடும் டிரஸ்டட் ஆப்ஷன்களைத் திறந்துவிடாதீர்கள். இறுதி ஹோஸ்ட் எது என்று பார்த்து, அதையே கான்ஃபிக்கில் எழுதுங்கள்.

இன்னொன்று: வீட்டு டைரக்டரியில் நெட்ஆர்சி கோப்பு (ஹோஸ்ட் வாரியாகப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிவைப்பது) இருந்தால், ரெக்வெஸ்ட்ஸ் பழைய ஆத்தரைசேஷனைக் கழற்றிவிட்டு, புதிய ஹோஸ்டுக்கு அந்தக் கோப்பில் பதிவு இருக்கிறதா என்று பார்த்து அதைப் போடும். எங்கிருந்தோ பேசிக் ஆத் முளைத்தால் அங்கே தேடுங்கள். டிரஸ்ட்_என்வ் ஃபால்ஸ் என்றால் நின்றுவிடும். கூடவே சூழல் மாறிகளில் இருக்கும் ப்ராக்ஸி அமைப்பும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

#9 — தாழ்ப்பாள்

வெப்ஹூக் கேள்விக்கு என் பதில் ஒரே வரி: பின்தொடராதீர்கள். 3-இல் தொடங்கும் எந்த எண் வந்தாலும் தோல்வி என்று எழுதி, 'உங்கள் முகவரி இங்கே திருப்புகிறது, பதிவை மாற்றுங்கள்' என்று வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள்.

காரணம் இது. பதிவு செய்யும்போது முகவரியைச் சரிபார்ப்பீர்கள்: எச்டிடிபிஎஸ், பொது ஐபி, எல்லாம் சரி. ஆனால் அங்கே இருக்கும் சர்வர் நாளைக்கு 302 கொடுத்து 169.254.169.254க்குத் திருப்பலாம். கிளவுட் மெஷினின் மெட்டாடேட்டா இருக்கும் இடம் அது. தற்காலிகச் சாவிகள் அங்கிருந்துதான் வருகின்றன. 127.0.0.1இல் ஓடும் உங்கள் அட்மின் பக்கத்துக்கும் திருப்பலாம். போஸ்ட்டாக அனுப்பினீர்கள் என்றாலும் 302 அதை கெட் ஆக்கிக் கொடுத்துவிடும், தாக்குபவருக்கு அது வசதி. அமேசான் 2019இல் கொண்டுவந்த ஐஎம்டிஎஸ் (அந்த மெட்டாடேட்டா சேவை) இரண்டாம் பதிப்பு முதலில் புட் அனுப்பி டோக்கன் வாங்கச் சொல்வது இந்த மாதிரி வழிகளை அடைக்கத்தான்.

ஸ்கீம் மாறுவதும் உண்டு. கர்ல் ஒரு காலத்தில் ஃபைல் ஸ்கீமுக்கும் பின்தொடர்ந்தது. லொகேஷன் ஹெடரில் ஃபைல் என்று எழுதி உள்ளூர்க் கோப்பைப் படிக்க வைக்க முடிந்தது (சிவிஇ-2009-0037, 7.19.4இல் சரியானது). ரெக்வெஸ்ட்ஸில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டுக்கு மட்டுமே அடாப்டர் இருப்பதால் மற்ற ஸ்கீம்கள் இன்வேலிட்ஸ்கீமா பிழையில் நின்றுவிடும்.

#10 — செம்பருத்தி

வெப்ஹூக்குக்குப் பின்தொடர வேண்டாம், சரி. ஆனால் இணைப்பு முன்னோட்டத்துக்காக ஒரு ஃபெட்சர் இருக்கிறது. சுருக்கு முகவரிகள் எல்லாம் வரும், அங்கே பின்தொடராமல் முடியாது. கையால் ஒரு சுற்று எழுதினால் எந்த வரிசையில் எழுத வேண்டும்?

#11 — கம்பிவழி

ரெக்வெஸ்ட்ஸுக்கான வரிசை:

அலவ்_ரீடைரக்ட்ஸ் ஃபால்ஸ், ஸ்ட்ரீம் ட்ரூ. மோனோடானிக் கடிகாரத்தில் (பின்னோக்கி நகராதது) மொத்தக் கெடு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம். டைம்அவுட் அளவுரு மொத்தத்துக்கானது இல்லை. ஒவ்வொரு தாவலுக்கும் (ஒரு ரீடைரக்டைப் பின்தொடர்வது ஒரு தாவல்) புதிதாக ஓடும். அதிலும் ரீட் பகுதி இரண்டு பைட்டுக்கு நடுவே எவ்வளவு காத்திருப்பது என்பது மட்டுமே. இயல்பு வரம்பு 30 தாவல். ரீட் டைம்அவுட் 10 விநாடி என்றால், ஒவ்வொரு சர்வரும் 9 விநாடி இழுத்தடித்தாலே நாலரை நிமிடம் ஒரு வொர்க்கர் கட்டிப்போடப்படும்.

அடுத்து, ஈஸ்_ரீடைரக்ட் ட்ரூவா என்று பாருங்கள். எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. லொகேஷன் இல்லாத 301களும் வெளியே உலாவுகின்றன. 304 ரீடைரக்டே இல்லை.

ட்ரூ என்றால் அடுத்த கோரிக்கை ரெஸ்பான்ஸ்.நெக்ஸ்ட்டில் தயாராக இருக்கும். மெத்தட் மாற்றம், குக்கி, ஆத்தரைசேஷன் கழற்றல் எல்லாம் முடிந்த கோரிக்கை அது. அதன் முகவரியைச் சரிபார்த்து, தாவல் எண்ணிக்கையையும் மிச்ச நேரத்தையும் பார்த்து, பழைய ரெஸ்பான்ஸை மூடிவிட்டு, செஷன்.சென்ட் மூலம் அனுப்புங்கள். மறுபடியும் அலவ்_ரீடைரக்ட்ஸ் ஃபால்ஸ். சென்ட் எல்லாச் சூழல் மாறிகளையும் தானாகச் சேர்க்காது. சூழல் மாறியில் கொடுத்த சான்றிதழ்க் கோப்பு தேவைப்பட்டால் மெர்ஜ்_என்விரான்மென்ட்_செட்டிங்ஸ் கூப்பிட்டு அதன் விடையைக் கொடுங்கள்.

முன்னோட்டத்துக்கு 5 தாவல் தாராளம்.

#12 — தாழ்ப்பாள்

> அதன் முகவரியைச் சரிபார்த்து

இங்கே ஒரு நுணுக்கம். பெயரை ஒருமுறை டிஎன்எஸ்ஸில் தேடி, ஐபி பொதுவானது என்று தெரிந்துகொண்டு, பிறகு அதே பெயரை லைப்ரரியிடம் கொடுத்தால் அது மறுபடி தேடும். இரண்டு தேடலுக்கும் இடையில் விடை மாறலாம். டிடிஎல் (விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற கணக்கு) பூஜ்யம் வைத்து இதை வேண்டுமென்றே செய்வார்கள். சரிபார்ப்பு சாக்கெட் இணையும் கணத்தில் நடக்க வேண்டும். கோ மொழியில் டயலரின் கன்ட்ரோல் ஃபங்ஷன் தேடல் முடிந்து, இணைவதற்கு முன் ஐபியோடு கூப்பிடப்படும். அங்கே மறுத்தால் எல்லாத் தாவலுக்கும் பொருந்தும். லிப்கர்லில் ஓப்பன்சாக்கெட் ஃபங்ஷன். பைதானில் இப்படி எளிய கொக்கி இல்லை. ஃபெட்சரைத் தனி நெட்வொர்க்கில் வைத்து, வெளியே போகும் ப்ராக்ஸியில் உள் ஐபிகளை மறுப்பதுதான் உறுதியான வழி. ஐபிவி6இல் பொதிந்த ஐபிவி4 முகவரிகளையும், லிங்க்-லோக்கலையும் பட்டியலில் சேருங்கள்.

#13 — மின்மினி

சுழற்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 'வந்த முகவரியே மறுபடி வந்தால் சுழற்சி' என்று செட்டில் போட்டுப் பார்க்கும் கோடு நிறைய இருக்கிறது. அது தவறு. பல தளங்கள் முதல் முறை குக்கி வைத்துவிட்டு அதே முகவரிக்கே 302 கொடுக்கும். இரண்டாம் முறை குக்கியோடு போனால் 200. யுஆர்எல்லிப் ஒரே முகவரியை 4 முறை வரை அனுமதித்து, மொத்தம் 10இல் நிறுத்துவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதன் மறுபக்கம்: உலாவியில் திறக்கும் பக்கம் கோடில் மட்டும் டூமெனிரீடைரக்ட்ஸ் கொடுத்தால், குக்கியைத் தொலைக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ரெக்வெஸ்ட்ஸில் தனி கெட் கூப்பிட்டாலும் அந்த ஒரு சங்கிலிக்குள் குக்கி காக்கப்படும். கையால் சுற்றும்போது செஷன் இல்லாமல் ஒவ்வொரு முறையும் தனி கெட் கூப்பிட்டால் போய்விடும். கோ மொழியில் கிளையன்டுக்கு ஜார் (குக்கிகளைச் சேர்த்துவைப்பது) கொடுக்காவிட்டால், வழியில் சர்வர் வைக்கும் குக்கியே கிடையாது.

உலாவியிலும் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் சர்வர் பக்கம்தான். முன்னால் டிஎல்எஸ்ஸை முடிக்கும் ப்ராக்ஸி பின்னால் எச்டிடிபியில் பேசும். பின்னால் இருக்கும் ஆப் 'எச்டிடிபிஎஸ்ஸுக்கு வா' என்று மறுபடி மறுபடி சொல்லும். எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடர் போய்ச் சேருகிறதா, ஆப் அதை நம்புகிறதா என்று பாருங்கள்.

#14 — ஓலைச்சுவடி

லொகேஷனின் மதிப்பு பற்றி ஒரு குறிப்பு, தமிழ்த் தளங்களைத் தொடுபவர்களுக்கு அவசியம். ஆர்எஃப்சி 2616 முழு முகவரி வேண்டும் என்றது. 2014இன் ஆர்எஃப்சி 7231 முதல் சார்பு முகவரியும் செல்லும். ஆகவே எப்போதும் யுஆர்எல்ஜாயின், அதுவும் கடைசியாகக் கேட்ட முகவரியோடு. முதன்முதலில் கேட்டதோடு சேர்த்தால் இரண்டாம் தாவலில் பழைய ஹோஸ்டுக்கே போய்விடும். இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கினால் அது ஹோஸ்ட், பாதை இல்லை. ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதி லொகேஷனில் இல்லாவிட்டால் பழைய முகவரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பாதை உள்ள தளங்கள் சில, விழுக்காட்டுக் குறியாக்கம் செய்யாமல் யுடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே லொகேஷனில் தள்ளும். பைதான் ஹெடர்களை லத்தீன்-1 ஆகத்தான் படிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோடு குறியீடுகள் ஐந்து, ஒவ்வொன்றும் 3 பைட். ஹெடரை எட்டிப் பார்த்தால் 15 குப்பை எழுத்துகள் தெரியும். ரெக்வெஸ்ட்ஸ் தன் சுற்றுக்குள் அதை லத்தீன்-1க்குத் திருப்பி யுடிஎஃப்-8 ஆகப் படித்துச் சரிசெய்துகொள்ளும். நீங்கள் ஹெடர்ஸிலிருந்து நேரே எடுத்தால் அந்த இரண்டு படியையும் நீங்களே செய்ய வேண்டும். ரெஸ்பான்ஸ்.நெக்ஸ்ட் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்கெனவே குறியாக்கம் ஆன பாதையை மறுபடி குறியாக்கம் செய்துவிட வேண்டாம். ஒவ்வொரு விழுக்காட்டுக் குறியும் %25 ஆகிப் பெருகி, 404 வரும்.

#15 — செம்பருத்தி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். கடைசியாக ஒன்று: இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஹெட் மூலம் சோதிக்கிறோம். அதில் மட்டும் 301 அப்படியே கைக்கு வருகிறது, பின்தொடரவில்லை. ஏன்?

#16 — கம்பிவழி

ரெக்வெஸ்ட்ஸில் ஹெட்டுக்கு மட்டும் அலவ்_ரீடைரக்ட்ஸின் இயல்பு மதிப்பு ஃபால்ஸ், மற்ற மெத்தட்களுக்கு ட்ரூ. வெளிப்படையாக ட்ரூ கொடுங்கள். எச்டிடிபிஎக்ஸ் என்ற இன்னொரு பைதான் லைப்ரரிக்கு மாறும் எண்ணம் இருந்தால், அங்கே 0.20 முதல் எல்லா மெத்தடுக்கும் ஃபால்ஸ், பெயரும் ஃபாலோ_ரீடைரக்ட்ஸ்.

308 நிரந்தர ரீடைரக்ட் என்பதால் உலாவிகளின் கேஷில் தங்கலாம். 308க்கு கேஷ்-கன்ட்ரோலில் குறுகிய மேக்ஸ்-ஏஜ் கொடுத்துத் தொடங்கச் சொல்லுங்கள், 300 விநாடி போதும். சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.